முன்னால போட்ட ஒண்ணு

பையைக் கீழ வைக்காதீங்க தம்பி, பஸ் தரை ஈரமா இருக்கு. இப்படி நடுவுல வைங்க. என் பையா? அது மடியிலயே இருக்கட்டும். உள்ள ரெஜிஸ்டர் இருக்கு. ரெஜிஸ்டர் நனைஞ்சா நானே நனைஞ்ச மாதிரி.

நான் அங்கன்வாடி டீச்சர். இருபத்தோரு வருஷ சர்வீஸ். பிரேமாவதி டீச்சர்னா எங்க ஒன்றியத்துல தெரியாதவங்க கிடையாது. இப்ப எங்க மேலதிகாரி அம்மாவைப் பார்த்து ஒரு புகார் குடுக்கத்தான் டவுனுக்குப் போறேன். யார் மேலன்னு கேளுங்களேன். கேட்க மாட்டீங்க, படிச்ச பிள்ளை, கூச்சப்படுவீங்க. நானே சொல்றேன். ஒரு தராசு மேல.

சிரிக்காதீங்க. பீடிக்கடையில இலை நிறுக்கிற தராசு அது. எங்க ஊர்ப் பொம்பளைங்க முக்காவாசிப் பேர் பீடி சுத்துறவங்க. சனிக்கிழமை சனிக்கிழமை சுத்தின பீடியைக் கடையில போட்டுட்டு, அடுத்த வாரத்துக்கு இலையும் தூளும் நிறுத்து வாங்கிட்டு வருவாங்க. இப்ப மூணு மாசமா என்ன கூத்துன்னா, இலையை இறக்கி வச்சுட்டு, இடுப்புல இருக்கிற பிள்ளையைத் தூக்கி அதே தராசுல உக்கார வைக்கிறாளுங்க. அரசாங்கம் போட்ட டீச்சர் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை அட்டை இருக்கு. அதெல்லாம் பத்தலையாம், பீடிக்கடைக்காரன் சொன்னாத்தான் நம்புவாளுங்களாம்.

போன வாரம் ஒருத்தி வந்து வாசல்ல நிக்கிறா. "டீச்சர், எம் பயலுக்கு நீங்க பதினாலு கிலோன்னு போட்டிருக்கீங்க. இலைத் தராசு பதினொண்ணரைங்குது."

"ஏட்டி, உன் பிள்ளை என்ன பீடி இலையா?"ன்னு கேட்டேன்.

திரும்பிப் போகும்போது முனங்குறா: "இலை நூறு கிராம் குறைஞ்சாலே கடைக்காரன் சட்டையைப் பிடிக்கோம். பிள்ளை ரெண்டரை கிலோ குறைஞ்சா யார் சட்டையைப் பிடிக்க?"

என் சட்டையைத்தானாம். ஜாக்கெட்டைன்னு சொல்லணும். இருபத்தோரு வருஷம்!

இத்தனைக்கும் காரணம் என் தம்பி பொண்டாட்டி. பேச்சிக்கனின்னு பேர். எட்டாவதோட நின்னவ. பீடி சுத்துற கை, வேற ஒண்ணும் தெரியாது. என் தம்பி சிவனணைந்தான் லாரியில ஆந்திரா பக்கம் போனான்னா வர இருபது நாள் ஆகும். அதனால இந்தப் பிள்ளையை, இந்தக் குடும்பத்தை, எல்லாத்தையும் கட்டி மேய்க்கிறது நான். மேய்ச்சேன். இப்ப அவ என்னை மேய்க்கிறா.

முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். எங்க மையத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை உண்டு. மாசம் ஒருவாட்டி எடை போட்டு அதுல புள்ளி வைக்கணும். பச்சைப் பட்டைக்குள்ள புள்ளி விழுந்தா நல்ல பிள்ளை. மஞ்சள்னா இளைச்ச பிள்ளை. சிவப்புன்னா ஆபத்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, ஒண்ணும் தெரியாத வயசு. நிறுத்துப் பார்த்து உள்ளதை உள்ளபடி வச்சேன். ஒன்பது பிள்ளை சிவப்பு.

அப்ப இருந்த மேலதிகாரி ஜீப்புல வந்து இறங்கினாங்க. "என்னம்மா, ஒன்றியத்துலயே உங்க மையம் மட்டும் ரத்தக்களறியா இருக்கு? பிள்ளைகளை என்ன செய்றீங்க?"ன்னு ஊர்ப் பொம்பளைங்க முன்னால வச்சுக் கேட்டாங்க. விளக்கக் கடிதம் மூணு நகல் எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அந்த ஒன்பது பிள்ளைக்கும் கூடுதலா ஒரு முட்டை வந்துச்சா? வரல. டாக்டர் வந்தாரா? வரல. எனக்குத்தான் கடிதத்துக்கு மேல கடிதம் வந்துச்சு.

அடுத்த மாசம் ஒன்பதையும் பச்சைக்குள்ள தள்ளினேன். கூட்டத்துல என் பேரைச் சொல்லிக் கைதட்டினாங்க தம்பி. சால்வை போத்தி, மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கும் குடுத்தாங்க. அன்னைக்குப் புரிஞ்சுது. சிவப்புல புள்ளி வச்சா பிள்ளை தேறப் போறதில்ல, டீச்சர்தான் இளைச்சுப் போவா.

அதுக்கப்புறம் எங்க மையத்துல ஒரு பிள்ளை மஞ்சளுக்கு வந்தது கிடையாது. தராசு ரிப்பேராகி ஆறு வருஷம் ஆச்சு. எழுதிப் போட்டிருக்கேன், நகல் இருக்கு. அதுக்காக வேலை நிக்குமா? மாசம் இருநூறு கிராம் ஏத்துவேன். பிள்ளைன்னா வளரத்தானே செய்யும்? சில பேர் நூறுதான் ஏத்துவாங்க, கஞ்சப் பிசினாறிங்க. நான் மனசார ஏத்துவேன்.

என் மருமக மிதுனா, தம்பி மக, அவளும் என் மையம்தான். அஞ்சு வயசு. அவளுக்குப் பதினேழு கிலோ இருநூறு போட்டிருந்தேன். சொந்த அத்தை, கொஞ்சம் தாராளமா இருக்கக் கூடாதா?

ஆவணி மாசம் அவளுக்குக் குதிகால்ல உடைமுள் ஏறிடுச்சு. பேச்சிக்கனி ஊக்கு வச்சு எடுத்துட்டா. ரெண்டு நாள் கழிச்சு கால் வீங்கி, சீழ் வச்சு, காய்ச்சல். "ஆஸ்பத்திரிக்குப் போவோமா மதினி"ன்னு கேட்டா. "சூட்டுக் கொப்புளம்டி, வேப்பிலை அரைச்சுப் போடு"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். மூணாம் நாள் பிள்ளை துவண்டு போச்சு. கையும் காலும் ஐஸ் மாதிரி இருக்கு, நெஞ்சு மட்டும் கொதிக்குது, மூச்சு நாய் மூச்சு மாதிரி வாங்குது. நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன். அதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஓடினது நான். செருப்பு ஒண்ணு வாய்க்கால்ல விழுந்துச்சு, எடுக்கக் கூட இல்ல.

எங்க டவுன் ஆஸ்பத்திரியில பார்த்த உடனே ரெண்டு கையிலயும் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏத்தினாங்க. புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல பரவிடுச்சாம். நர்சம்மா கேட்கிறாங்க: "பிள்ளை எடை எவ்வளவு?"

பேச்சிக்கனி வாயைத் திறந்தா. நான் முந்திக்கிட்டேன். "பதினேழு கிலோ இருநூறு. நானே போன வாரம் எடை போட்டேன். நான் அங்கன்வாடி டீச்சர்."

நர்சம்மா முகத்துல ஒரு நிம்மதி பார்த்தேன் பாருங்க! வர்றவங்க எல்லாம் "இருக்கும் ஒரு பதினஞ்சு, பதினாறு"ன்னு இழுக்கிற இடத்துல, கிராம் வரைக்கும் சொல்ற ஒரு ஆள். அப்படியே எழுதிக்கிட்டாங்க. மருந்து, குளுக்கோஸ் எல்லாம் எடைக்குத் தக்கனதான் குடுப்பாங்களாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் பிள்ளை கண் முழிச்சா. பிள்ளைங்க வார்டுக்கு மாத்தினாங்க. நாப்பது கட்டில், ரெண்டு நர்சு. எஸ்தர்னு ஒரு சிஸ்டர் வந்து ஒரு அளவுக் கப்பும் ஒரு தாளும் குடுத்தாங்க. தாள்ல கட்டம் கட்டமா போட்டிருக்கு.

"பிள்ளை ஒண்ணுக்குப் போறப்போ எல்லாம் இதுல பிடிச்சு, எத்தனை மில்லின்னு பார்த்து எழுதுங்க. மறக்கக் கூடாது. கிருமி ரத்தத்துல கலந்தா சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டுனு கிட்னி நின்னு போகும். வெளியில ஒண்ணும் தெரியாது. ஒண்ணுக்கு குறையுறதுதான் முதல் அடையாளம். ரத்த ரிசல்ட் வர ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்தத் தாள்தான் எங்களுக்குக் கண்."

தாளைப் பேச்சிக்கனி கையிலதான் குடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன். ரெஜிஸ்டர் எழுதுற கை இங்க இருக்கும்போது பீடி சுத்துற கைக்கு என்ன வேலை? "நீ பிடிச்சுக் குடு, நான் எழுதுறேன்"ன்னேன். சரின்னுட்டா. எதுக்கும் சரிங்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிடுவா. உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

முதல் தடவை கப்பைக் கொண்டு வந்தா. நாப்பது மில்லி. பக்கத்துக் கட்டில் தாளைப் பார்த்தேன், நூத்தம்பது, இருநூறுன்னு இருக்கு. இது என்ன நாப்பது? பார்க்கவே பாவமா இருந்துச்சு. யாராவது கேட்டா என்ன சொல்ல? "என்னம்மா, உங்க பிள்ளை மட்டும் இப்படி"ன்னு டாக்டர் கேட்டா?

நான் பொய் எழுதல தம்பி. அதை நல்லாக் கேட்டுக்கோங்க. நாப்பதை அழிக்கல, திருத்தல. முன்னால ஒரு ஒண்ணு போட்டேன். அவ்வளவுதான்.

நூத்தி நாப்பது. கட்டத்துக்குள்ள அழகா உக்கார்ந்துச்சு.

அடுத்தது இருபத்தஞ்சு. நூத்தி இருபத்தஞ்சு. அதுக்கடுத்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. பிள்ளை கேட்கிறா, "அத்தை, மூச்சா வர மாட்டேங்குது." "வரும் செல்லம், தூங்கு"ன்னேன். கட்டம் காலியா கிடக்கு. காலிக் கட்டத்தைப் பார்த்தா எனக்கு நெஞ்சை அடைக்கும், அது என் சுபாவம். அதுல பூஜ்யம் எழுதுங்கிறீங்களா? பூஜ்யம் எழுத எனக்குக் கை வரல. என் பிள்ளைக்கு நான் பூஜ்யம் போடுவேனா? நூத்திப் பத்துன்னு போட்டேன். பிள்ளை நல்லா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் போட்டேன். சாமிக்கு நேர்ந்துக்கிற மாதிரி.

பேச்சிக்கனி எட்டிப் பார்த்தா. "மதினி, வரவே இல்லையே?"

"வரும்ல. வர்றதை முன்கூட்டி எழுதியிருக்கேன். நீ பேசாம இரு, டாக்டர்கிட்ட நான் பேசிக்கிடுறேன்."

வியாழக்கிழமை காலையில பெரிய டாக்டர் வந்தார், பின்னால ஏழெட்டு சின்ன டாக்டர். பிள்ளையை வார்டுத் தராசுல நிறுத்தாங்க. பதினஞ்சு கிலோ தொள்ளாயிரம். அவர் பழைய தாளைப் பார்த்தார், பதினேழு இருநூறு. என் தாளைப் பார்த்தார், நூத்தி நாப்பது, நூத்தி இருபத்தஞ்சு, நூத்திப் பத்து.

"எடை ஒரு கிலோவுக்கு மேல இறங்கியிருக்கு. ஒண்ணுக்கும் நல்லாப் போகுது. அப்போ உடம்புல தண்ணி பத்தல. குளுக்கோஸைக் கூட்டுங்க"ன்னார். தாளைத் தட்டி, "யார் எழுதுறது? ரொம்ப நீட்டா இருக்கு"ன்னார்.

"நான்தான் சார்"ன்னேன்.

இதை ஏன் சொல்றேன்னா, படிச்ச பெரிய டாக்டரே பாராட்டினார். இவளுக்கு அது தெரியுமா?

அன்னைக்குச் சாயங்காலம் பாருங்க, பிள்ளை முகம் பூரிச்சுப் போச்சு. கன்னம் ரெண்டும் அப்படியே பன்னு மாதிரி. கண்ணு சிறுசா, சிரிக்கிற மாதிரி இருக்கு. கால்ல கொலுசு இறுக்கிப் பிடிச்சு, கொக்கி கழற முடியல. எனக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியாட்டி, ரெண்டு நாள்ல எப்படித் தேறிட்டா! கொலுசு பத்தல பாரு, வளர்ந்துட்டா!"ன்னு பேச்சிக்கனிகிட்ட சொல்றேன். அவ பிள்ளை காலையே பார்த்துட்டு இருக்கா.

அப்பத்தான் அந்த பர்வீன் டாக்டர் வந்துச்சு. சின்னப் பொண்ணு, படிப்பு முடிச்சு அப்பத்தான் வந்திருக்கும் போல. எதையும் ரெண்டு தடவை பார்க்கும், தப்பாயிருமோ தப்பாயிருமோன்னு பயம் அந்தக் கண்ணுலயே தெரியும். அது வந்து பிள்ளையோட முழங்காலுக்குக் கீழ கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்துச்சு. விரலை எடுத்தா குழி அப்படியே நிக்குது. பிசைஞ்ச மாவுல அழுத்தின மாதிரி. என் தாளைப் பார்க்குது, குழியைப் பார்க்குது. திரும்பத் தாளைப் பார்க்குது.

"இது கரெக்டா அளந்து எழுதினதாம்மா?"

"நான் இருபத்தோரு வருஷமா ரெஜிஸ்டர் எழுதுறவ டாக்டர்."

"நான் அதைக் கேட்கல. அளந்தீங்களா?"

பார்த்தீங்களா, பேச்சு? என் மக வயசு. நான் பதில் சொல்றதுக்குள்ள பேச்சிக்கனி எந்திரிச்சா. தலையணை உறைக்குள்ள கைவிட்டு, மாத்திரை போட்டுக் குடுப்பாங்களே அந்தக் காகித உறை, அதை எடுத்தா. அது மேல கண்மைப் பென்சிலால கிறுக்கி வச்சிருக்கா தம்பி! தேதி, நேரம், அளவு எல்லாம். புதன் காலை ஏழரை, நாப்பது. பதினொண்ணு, இருபத்தஞ்சு. சாயங்காலம் ஆறு, இல்லை. வியாழன் காலை, பத்து மில்லி. அதுக்கப்புறம் இல்லை, இல்லை, இல்லை. கீழ தனியா ஒரு வரி: போன சனிக்கிழமை இலைத் தராசில் பதிமூணு கிலோ எண்ணூறு.

எங்க துறையில ரெண்டு ரெஜிஸ்டர் வச்சிருந்தா அதுக்குப் பேரே திருட்டு! பக்கத்துல உக்கார்ந்து, சரி மதினி சரி மதினின்னு தலையாட்டிக்கிட்டு, எனக்கு எதிரா ஒரு ரெஜிஸ்டர் நடத்தியிருக்கா!

"ஏட்டி, இது என்னது?"ன்னேன்.

"உள்ளது மதினி"ங்கிறா. "ஒரு கட்டுல இருபத்தஞ்சு பீடி இருக்கணும். இருபத்துநாலு இருந்தா கடைக்காரன் கட்டைப் பிரிச்சு மூஞ்சியில எறிவான். எண்ணி எண்ணியே பழகிட்டேன். மாத்திச் சொல்ல எனக்குத் தெரியாது."

"காலையில பெரிய டாக்டர் வந்தப்போ ஏன் சொல்லல?"ன்னு பர்வீன் டாக்டர் கேட்டுச்சு.

அவ என்னைப் பார்த்தா. பார்த்தா, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அந்த டாக்டர் தலையாட்டுது, என்னமோ எல்லாம் புரிஞ்ச மாதிரி!

அப்புறம் அது விரல் விட்டுக் கணக்குப் போடுது. "பதிமூணு எண்ணூறு இருந்த பிள்ளை பதினஞ்சு தொள்ளாயிரம். ரெண்டு கிலோ தண்ணி. உள்ள போனது வெளியில வரல. நாம என்னடான்னா காலையில இருந்து இன்னும் கூட்டி ஏத்திட்டு இருக்கோம்." குளுக்கோஸை நிறுத்திட்டு வராந்தாவுல ஓடுச்சு. டாக்டர் ஓடி நான் பார்த்ததில்ல. நடக்கத்தான் பார்த்திருக்கேன்.

அவசர ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. கிரியாட்டினின்னு ஒண்ணு இருக்காமே, கிட்னி வெளியேத்த வேண்டிய அழுக்கு, அரைக்குள்ள இருக்கணுமாம். மிதுனாவுக்கு நாலரை. நான் என்னத்தைக் கண்டேன்? எங்க துறையில நம்பர் ஏறினா கைதட்டுவாங்க. இங்க அந்த நம்பர் ஏறினதைப் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாங்க.

ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எஸ்தர் சிஸ்டர் என்கிட்ட வந்தாங்க. திட்டினா பரவாயில்ல தம்பி. மெதுவாக் கேட்டாங்க. "ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க? குறைஞ்சு இருந்தா நாங்க யாரும் உங்களைத் திட்டியிருக்க மாட்டோமே?"

திட்ட மாட்டாங்களாம்! குறைஞ்ச நம்பரைப் பார்த்துட்டுத் திட்டாத ஆபீசை நான் இந்த ஜென்மத்துல பார்த்ததில்ல. அவங்க என்ன உலகத்துல இருக்காங்களோ.

பெரிய ஆஸ்பத்திரியில பிள்ளை வயித்துல ஒரு சின்னக் குழாய் சொருகி, அது வழியா ஒரு தண்ணியை உள்ள விட்டு, அழுக்கைக் கழுவி வெளியில எடுக்கிறாங்க. கிட்னி செய்ற வேலையை அந்தத் தண்ணி செய்யுமாம். மணிக்கு மணி உள்ள போனது எவ்வளவு, வெளியில வந்தது எவ்வளவுன்னு கணக்கு. அங்க இருந்த டாக்டர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "ரத்த ஓட்டம் குறைஞ்ச அதிர்ச்சியில நின்ன கிட்னிதான். பிள்ளைகளுக்கு நிறையப் பேருக்குத் திரும்ப வேலை செய்யும். சில பேருக்குச் செய்யாது. ஒண்ணுக்கு வருதான்னு காத்திருந்து பார்க்கணும். அது வரலைன்னா பிள்ளை கஷ்டம்."

கஷ்டம்னா என்னன்னு ரெண்டு பேருமே கேட்கலை.

என் தம்பி லாரியைப் பாதி வழியில இன்னொருத்தன்கிட்ட விட்டுட்டு வந்தான். வந்ததும், "அக்கா, வீட்டுக்குப் போ"ன்னான். நான் போவேனா? எட்டு நாள் அந்த வராந்தாவுல, குழாயடிக்குப் பக்கத்துல துண்டை விரிச்சுக் கிடந்தேன். ஒரு நாளைக்கு ஒரு நேரம் இட்லி. ஒரு நாள் பேச்சிக்கனிதான் வந்து, "சாப்பிட்டீங்களா மதினி"ன்னா. அவ கேட்டு நான் பதில் சொல்லணுமா? "ஆச்சு"ன்னேன். சாப்பிடலை. அதையும் பார்த்துக்கிட்டே நின்னா, நம்பாத மாதிரி. எல்லாத்தையும் எண்ணிப் பார்க்கிறவதானே. கொஞ்ச நேரத்துல ஒரு பொட்டலத்தை என் பக்கத்துல வச்சுட்டுப் போனா. நாலு இட்லி. அதையும் எண்ணித்தான் வச்சிருப்பா.

அந்த எட்டு நாளும் அவ தாள்ல இல்லை, இல்லை, இல்லைன்னே எழுதியிருக்கா தம்பி. ஒரு தாயி எப்படி எழுதுவா? கண்ணாடிக் கதவு வழியா பார்ப்பேன், குனிஞ்சு எழுதிட்டு இருப்பா. எழுதி முடிச்சுட்டு முந்தானையால மூஞ்சியைத் துடைப்பா. நானா இருந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பேன். கல்நெஞ்சுக்காரி.

ஒன்பதாம் நாள் காலையில உள்ள ஒரே சத்தம். போச்சு, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கதவைத் தள்ளிட்டு உள்ள ஓடிட்டேன். பார்த்தா நர்சு சிரிக்குது. பேச்சிக்கனி கையில ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு. அங்க அதுல உறிஞ்சித்தான் அளப்பாங்க, சொட்டுக் கூடத் தப்பாம.

"பதினஞ்சு மில்லி"ங்கிறா.

பதினஞ்சு! அந்தப் பதினஞ்சுக்கு டாக்டரைக் கூட்டிட்டு வர்றாங்க. டாக்டர் சிரிஞ்சை வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கிறார், என்னமோ தங்கத்தை உருக்கி ஊத்தின மாதிரி. "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு"ங்கிறார். என் தம்பி சுவத்துல சாஞ்சு ஓன்னு அழறான். நான் பச்சைக்குள்ள தள்ளின ஒன்பது பிள்ளைக்குக் கூட யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்ல. சால்வை குடுத்தாங்க, சரி. அழுதாங்களா?

எனக்கு இன்னும் விளங்காதது அதுதான். நூத்தி நாப்பதைப் பார்த்து "நீட்டா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனவங்களும் டாக்டர்தான். இந்தப் பதினஞ்சைப் பார்த்துச் சிரிக்கிறவங்களும் டாக்டர்தான். எந்த நம்பர் நல்ல நம்பர்னு எவன் கண்டான்?

இப்ப பிள்ளை நல்லா இருக்கா. ஓடுறா, ஆடுறா. ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி ரத்தம் பார்க்கணும், உப்பு குறைக்கணும், அவ்வளவுதான். எல்லாம் சரியாப் போச்சு. எல்லாம் சரியானதுக்கப்புறமும் இவ என்ன செய்றா? சனிக்கிழமை பீடிக்கடைக்குப் போனா, வரிசையில நிக்கிறவளுங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்றாளாம்: "பிள்ளையை ஒருவாட்டி நிறுத்துருங்கக்கா." என் பேரைச் சொல்றதில்லையாம். திட்டுறதும் இல்லையாம். அதுதான் தம்பி பெரிய நயவஞ்சகம். திட்டினாலாவது நான் திருப்பித் திட்டலாம்.

அப்படி நிறுத்ததுல பதினோரு பிள்ளை சிவப்புங்கிறாங்க. என் மையத்துல! மேலதிகாரி காதுக்குப் போறதுக்குள்ள நான் முந்திக்கணும். தனியார் கடைத் தராசுல அரசாங்கப் பிள்ளைகளை நிறுக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு வாங்கணும். அதுக்குத்தான் போறேன்.

என்ன கேட்டீங்க? அந்தத் தராசு சரியான தராசான்னா?

சரியான தராசுதான். அதுதானே பிரச்சினை.

இருங்க, இன்னொண்ணு சொல்லணும். பிள்ளைக்கு ஒண்ணுக்கு வர ஆரம்பிச்ச மறுநாள். பேச்சிக்கனி பத்து நாளா குளிக்கல, தலை சிக்குப் பிடிச்சுப் போயிருந்துச்சு. என் தம்பி மருந்து வாங்கப் போயிட்டான். அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு என்கிட்ட வந்தா. சிரிஞ்சு, கப்பு, தாள், பேனா எல்லாத்தையும் நீட்டினா.

"குளிச்சுட்டு வந்துருதேன் மதினி. வந்தா அளந்து எழுதிருங்க."

வாங்கிக்கிட்டேன்.

அவ போன கொஞ்ச நேரத்துல பிள்ளை, "அத்தை, மூச்சா"ன்னா. பிடிச்சேன். சிரிஞ்சுல உறிஞ்சி, கண்ணுக்கு நேரா தூக்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு. திரும்ப ஒருவாட்டி பார்த்தேன், இருபத்திரண்டுதான். நல்லா அளந்தேன் தம்பி, சத்தியமா. முன்னால ஒண்ணு போடல. அந்தப் புத்தியெல்லாம் போயிடுச்சு. ஆனா இருபத்திரண்டுங்கிறது ஒரு நம்பரா? கட்டத்துல பார்க்க அரைகுறையா இருக்கும். இருபத்தஞ்சுன்னு எழுதினேன். முழுசா.

குளிச்சுட்டுத் தலையில துண்டோட வந்தா. தாளைப் பார்த்தா. கப்பைப் பார்த்தா, நான் இன்னும் கொட்டல. சிரிஞ்சை எடுத்துத் திரும்ப உறிஞ்சினா, வெளிச்சத்துல பிடிச்சா. பிள்ளை வேற படுத்துக்கிட்டு முழிச்சுப் பார்த்துட்டே இருக்கு. என் எழுத்து மேல ஒரு கோடு போட்டா. ஒரே கோடு. பக்கத்துல இருபத்திரண்டுன்னு எழுதினா.

மூணு மில்லி! அரைக் கரண்டிக்குக் காணாது. மூணு மில்லிக்காக ஒரு நாத்தனாரை, அந்தப் பிள்ளையைத் தோள்ல போட்டு ஓடினவளை, பிள்ளை கண்ணு முன்னால வச்சு அடிச்சு எழுதுறாளே, இது நியாயமா? நீங்க சொல்லுங்க.

அதோட விட்டாளா? அந்த ஆஸ்பத்திரியில இருந்த கடைசி நாள் வரைக்கும், கப்பைக் கழுவ என்கிட்ட குடுப்பா. சிரிஞ்சைக் கழுவக் குடுப்பா. பிள்ளையைத் தூக்கக் குடுப்பா, ஊட்டக் குடுப்பா, மடியில போட்டுத் தூங்க வைக்கக் குடுப்பா.

பேனாவை மட்டும் குடுக்க மாட்டா.